டர்பைனுக்குப் பக்கத்து வீடு

ஆவடி போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இருந்த பெண் போனில் பேசி முடித்ததும், எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்.

“இன்னாம்மா, போன்ல பேசுறியா, மைக்ல பேசுறியா?”

“எங்க வீட்ல ரகசியமே இந்தக் குரல்லதான் பேசுவோம்க்கா.”

இரண்டு பேர் தூக்கம் கலைந்து திரும்பினார்கள். நான் மூன்றாவது ஆள்.

“எங்கப்பா மலையில, தண்ணியில கரண்ட் எடுக்கிற பவர் ஹவுஸ்ல ஆபரேட்டர். சுத்திலும் காடு. குவார்ட்டர்ஸை ஒட்டியே டர்பைன் ஓடும். கத்தினாதான் சோறே கிடைக்கும்.”

“இப்பவும் ஓடுதா?”

“பழசாயிடுச்சுன்னு மூடிட்டாங்க. மெஷினை நிறுத்தின அன்னிக்கு அப்பா எப்பவும் போல ‘காபி கொண்டா’ன்னார். குவார்ட்டர்ஸே பதறி வெளிய வந்துடுச்சு. அன்னிக்குத்தான் எங்க குரல் எங்களுக்கே தெரிஞ்சுது.”

“அதான் மூடிட்டாங்களே, இனிமே மெதுவா பேசேன்.”

“எதுக்குக்கா? அந்தச் சத்தத்துலதான் அம்பத்தூர் வரைக்கும் லைட் எரிஞ்சுது. நாங்க ஏன் குரலைக் குறைக்கணும்?”

பூக்கார அம்மா தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்போ இன்னும் சத்தமா சொல்லு. பொட்டி பூரா கேக்கட்டும்.”