செல்வமலரின் சாப்பாடு

இந்த டென்மார்க் நாட்டு வெண்ணெய் நல்ல வெண்ணெய், டொக்டர். நான் பாணுக்குத் தடிப்பாய்ப் பூசித்தான் சாப்பிடுவன். செல்வமலரை அதைத் தொட விடேல்லை.

மன்னார் ஆசுபத்திரியில நேர்ஸாய் இருந்தனான். கொழுப்பும் சத்தும் போதாட்டில் பெண்ணுடம்பு ஹோர்மோனைக் குறைச்சுப்போடும். இருக்கிற சக்தியை உயிருக்கு வைச்சுக்கொண்டு, பிள்ளை உண்டாகிற வழியை முதல் அடைக்கும்.

அவளில எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அவளின்ர புருஷன் இரத்தினசிங்கத்திலதான். எண்பத்தெட்டில, எங்கட குடும்பங்களை ஊரிலயிருந்து இஞ்ச கூப்பிடுற விண்ணப்பமெல்லாம் முடங்கிக் கிடந்த காலம், என்ர விண்ணப்ப விசாரணையில எனக்கு மொழிபெயர்த்தவன். "கிளோறியா என்ர மகள்" எண்டு சொன்னன். அவன் டெனிஷில சொன்ன ஒரு சொல் காதிலேயே நிண்டது. பிறகு டெனிஷ் வகுப்புக்குப் போய்த்தான் விளங்கினது: தமக்கையின்ர மகள். பெத்த பிள்ளையைத்தான் கூப்பிடலாம், தமக்கையின்ர மகளை விடமாட்டாங்கள். அதுக்கிடையில மன்னாரில ஷெல் விழுந்து கிளோறியா முடிஞ்சாள்.

நான் அவனைக் கேட்கேல்லை. கேட்டிருந்தால், ஊரிலயிருந்து வந்த புதுப்பெண்சாதியை இந்த இக்காஸ்ட் ஊரில என்ர மேல்வீட்டில குடிவைச்சிருப்பானோ?

"அக்கா, இவளுக்குச் சமையல் வராது. எனக்கொரு பிள்ளை வந்தால் காணும்" எண்டான்.

"ஓம், நான் பாக்கிறன்" எண்டன்.

அவன் தொழிற்சாலையிலேயே சாப்பிட்டிடுவான். அவளுக்கு அவிச்ச மரக்கறி, தண்ணிக்கஞ்சி, கொழுப்பெடுத்த பால். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் கர்ப்பப்பையை அடைச்சுப்போடுமெண்டு சொல்லி வைச்சன். பிள்ளை வேணுமெண்டு பசியோட கும்பிட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கோடையிலயும் குளிருதெண்டாள். தலைமயிர் கொட்டினது.

ஒருநாள் குசினிக்கு வந்து மெல்லமாய்ச் சொன்னாள்: "அன்ரி, நான் இந்த மாதம் குளிக்கேல்லை. பிள்ளையோ தெரியாது."

"இருக்கும்" எண்டன். அவன் தொட்டில் வாங்கி வந்தான். அது பிள்ளையில்லை, பட்டினியில நிண்ட தீட்டெண்டு எனக்குத் தெரியும்.

பிறகு உங்களிட்ட கூட்டி வந்தனே. என்ன சாப்பிடுறாள் எண்டு கேட்டீங்கள். அவள் எல்லாத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். எல்லாம் நல்லாய்ச் சாப்பிடுறாளெண்டு நான் மொழிபெயர்த்தன்.

இப்ப பனியில வழுக்கி விழுந்து கை முறிஞ்சு கிடக்கிறாள். கிழவியின்ர எலும்பு மாதிரி எண்டு நீங்களே சொன்னீங்கள். அதுதான் நானாய் வந்தனான். எண்ணெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்துச் சாப்பிடக் குடுத்தால் தேறுவாள். பிள்ளை கிடைக்குமோ எண்டு நான் சொல்லேலாது.

நேற்று வார்ட்டில என்ர கையைப் பிடிச்சு, "நீங்கள் இல்லாட்டி இந்த நாட்டில எனக்கு ஆர் அன்ரி" எண்டு அழுதாள். முகத்தைத் துடைச்சு விட்டன்.

நீங்கள் எழுதிறதெண்டால் சரியாய் எழுதுங்கோ, டொக்டர். நான் இரத்தினசிங்கத்துக்கு மட்டும்தான் செய்தனான். அந்தப் பிள்ளை செல்வமலருக்கு நான் ஒண்டும் செய்யேல்லை.