முன்னால் எழுந்தவன்

மாமல்லபுரத்தில் பேருந்து ஏறியபோது எங்கே இறங்குவதென்று நான் முடிவு செய்திருக்கவில்லை. நெம்மேலி அருகே சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் தோன்றித் தோன்றி மறைய, கண் சொருகியது. முன் இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தவன் தன் நண்பனிடம் பேசியது கனவில் கேட்பதுபோல் இருந்தது.

“நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள ஒருத்தன் எழுந்து எல்லா சாவியையும் எடுத்துக்கினான் மச்சான்.”

“வூட்டு ஓனரா? மோட்டார் சுவிட்சையுமா?”

“சிப்புக்குள்ள கம்பெனிக்காரனே வெச்சிக்கீற புரோகிராம், ஃபர்ம்வேர்டா. கரண்ட் வந்தா அதான் முதல்ல எழுந்திரிக்கும். அப்புறம்தான் நான் எழுதின கெர்னல், மெஷினையே ஓட்டற மெயின் புரோகிராம். பிராசஸர்ல கீற நாலு கோர்ல ஒண்ணைத் தூங்க வைக்கணும்னாகூட அதுகிட்ட கேக்கணும்.”

“கேளேன். இன்னா கொறஞ்சு பூடும்?”

“யாரையும் கேக்காம ஓடணும்னுதான் அத்த எழுதினேன். சிப்புக்கு சிப்பு ஃபர்ம்வேர் வேற, கேக்கற விதமும் வேற. இந்த சிப்புல ஓடலன்னா ஆபீஸ்ல என் கெர்னலே வேணாம்னுடுவாங்க.”

“கேட்டா ஓடுமா?”

“ஓடும். ஆனா என்து மாதிரி இருக்காது.”

“ஓடாம கெடந்தா மட்டும் அது உன்துன்னு எவனுக்குடா தெரியப்போவுது?”

கெர்னல் எழுதியவன் லேப்டாப்பைத் திறந்து, யாரையும் கேட்காமல் ஓடத் தான் எழுதியிருந்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்து, அங்கே கேட்கும் வரிகளை எழுதத் தொடங்கினான்.