பக்கத்து சீட்

— பிறேக்கை விடும்! விடும் எண்டு சொல்லுறன், தாட்சா! மிதிச்சுப் பிடிச்சால் இன்னும் வழுக்கும்!

— விட்டிட்டன், விட்டிட்டன்! ஐயோ முருகா, கார் தன்ரை பாட்டுக்குப் போகுதப்பா!

— பதறாதையும். போக வேண்டிய பக்கத்தைப் பாத்து ஸ்டியரிங்கைப் பிடியும். ம்... அப்பிடித்தான். இஞ்சை பாரும், நிண்டிட்டுது.

— எங்கை நிண்டது? ஸ்னோ மேட்டில குத்தினபடியால் நிண்டது.

— எப்பிடி நிண்டால் என்ன, நிண்டது நிண்டதுதானே. றிவேர்ஸைப் போட்டு மெல்ல எடும்.

— பொறுங்கோ. கோயிலுக்கு வரேக்கை நீங்கள்தானே ஓடினீங்கள்? வீட்டை போறதுக்கு மட்டும் ஏன் என்னை இதில இருத்தினீங்கள்? உந்தப் புயலில?

— சொன்னனான்தானே, தலை ஒரு மாதிரிக் கிடக்கு. வலது கையும் விறைச்சுப்போச்சு.

— கிளவுஸ் போடாமல் வாசலில நிண்டு கார்க் கண்ணாடியைச் சுரண்டினால் விறைக்காமல் என்ன செய்யும்?

— ஓம், குளிர்தான். சூடு பட்டால் சரிவரும். நீர் ஓடும். மொன்றியலில இருந்துகொண்டு ஸ்னோவுக்குப் பயந்தால் வருசத்தில பாதி வீட்டுக்குள்ளதான் கிடக்க வேணும். பஸ்ஸுக்கு நிண்டு விறைச்சது காணும். என்ரை மனிசி இனிக் கார் ஓடுவா எண்டு இப்பதான் கோயிலில விமலநாதனுக்குச் சொல்லிப்போட்டு வாறன்.

— அவருக்குமோ? ஆருக்குத்தான் சொல்லாமல் விட்டனீங்கள்?

— சொன்னால் என்ன? நல்ல விசயம்தானே. ம், எடும், எடும். ரயர் நேரா வந்திட்டுது.

— முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை. வெள்ளைச் சீலையாலை மூடினமாதிரிக் கிடக்கு.

— ஸ்னோ தள்ளுற லொறி ஒண்டு போகுது, அதின்ரை மஞ்சள் லைற் தெரியுதோ? அதுக்குப் பின்னாலயே போம். அது வழிச்ச றோட்டில போனால் பயமில்லை. ஆனால் கிட்டப் போகாதையும்.

— இந்தத் தூரம் காணுமோ?

— இன்னும் பின்னுக்கு. ஸ்னோவுக்குள்ள உமக்கு இடைவெளிதான் பிறேக். விளங்குதோ?

— விளங்குது. கத்தாமல் சொன்னால் எல்லாம் விளங்கும்.

— ஆர் கத்தினது?

— நீங்கள்தான். உங்கடை சத்தத்துக்குப் பயந்துதான் பிறேக்கை மிதிச்சனான்.

— சரி, சரி. இனிக் கத்தேல்லை. அடுத்த லைற்றில வலம் எடும்.

— வலமோ? வீட்டுக்கு இடமெல்லே?

— வலம் எண்டுதானே சொல்லுறன். இந்தப் பக்கம்.

— நீங்கள் கையால காட்டுறது இடம்.

— ஓம், இடம். வலம். உந்தக் கரண்டியை மெல்லத் திருப்பும்.

— எதை?

— கரண்டியை.

— ஸ்டியரிங்கைச் சொல்லுறீங்களோ? கோயிலில சாப்பிட்டது காணாதோ உங்களுக்கு?

— கரண்டி... அது... சோறு லைற் வருது, நிப்பாட்டும்.

— சிவப்பு லைற், எனக்குத் தெரியுது. பகிடி விடுற நேரமே இது? எனக்கு இஞ்சை உயிர் போகுது, நீங்கள் சோறு, கரண்டி எண்டுகொண்டு.

— இல்லை. நான்... தாட்... மழைக் கதவு... பிட்டு...

— இஞ்சாருங்கோ, காணும். நான் றோட்டைப் பாக்கிறதோ உங்களைப் பாக்கிறதோ? போன் அடிக்குது. லக்சனாவாத்தான் இருக்கும். உங்கடை மடியிலதானே கிடக்கு, எடுங்கோ. எடுங்கோவன்! ஏன் கீழ போட்டனீங்கள்?

— அ... அது... கை...

— விடுங்கோ, நான் கார் ஸ்பீக்கரில எடுக்கிறன். லக்சனா? நாங்கள் வழியில, பிள்ளை. நான்தான் ஓடுறன்.

— அம்மா, நீங்களோ ஓடுறீங்கள்? இந்தப் புயலிலயோ? நாப்பதாம் நம்பர் ஹைவேயில கார் எல்லாம் ஒண்டோடொண்டு இடிபட்டுக் கிடக்காம். வகுப்பில எல்லாரும் போனைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். நீங்கள் வீட்டை போயிட்டீங்களோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான். அப்பாவை ஓடச் சொல்லுங்கோ.

— அவருக்குத் தலையிடி. பக்கத்தில இருந்து பகிடி விடுறார். இப்ப லைற்றில நிக்கிறன். நீயே கேள். இஞ்சாருங்கோ, உங்கடை மகளோட கதையுங்கோ.

— லக்... அந்த... குடை போட்டு... குடை...

— அப்பா? என்ன சொல்லுறீங்கள்? எனக்கு விளங்கேல்லை.

— பாத்தியோ? இவ்வளவு நேரமும் உப்பிடித்தான்.

— அம்மா, இது பகிடியில்லை. அப்பாவின்ரை முகத்தைப் பாருங்கோ.

— பாக்கிறன். நல்லாத்தான் இருக்கு.

— முழு முகத்தையும் பாருங்கோ! உங்களுக்குத் தெரியிறது அவற்றை இடப் பக்கம் மட்டும்தான். நாடியில பிடிச்சு உங்கடை பக்கம் திருப்புங்கோ.

— இஞ்சாருங்கோ, ஒருக்கா இஞ்சால திரும்புங்கோ... ஐயோ!

— என்னம்மா?

— ஐயோ பிள்ளை! வாய் கோணிக் கிடக்கு. அந்தப் பக்கம் அப்பிடியே தொங்குது. வீணி வடியுது. இவ்வளவு நேரமும் பக்கத்திலதானே இருந்தவர்... எனக்குத் தெரியேல்லையே...

— ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கோ.

— கையைத் தூக்குங்கோப்பா. ரெண்டையும். இடது மட்டும்தான் எழும்புது, லக்சனா. மற்றது மடியில செத்துக் கிடக்கு.

— ஸ்ட்ரோக், அம்மா. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கு. ஓரமா நிப்பாட்டுங்கோ. கட் பண்ணாதையுங்கோ, நான் சிநேகிதியின்ரை போனில அம்புலன்ஸுக்கு அடிக்கிறன். எங்கை நிக்கிறீங்கள்?

— ஓரமா விட்டிட்டன். சென் ஜோன் றோட்டில. பெற்றோல் செட்டுக்கு முன்னால. கெதியா அடி.

— அடிக்கிறன்... அல்லோ? எனக்கு ஒரு அம்புலன்ஸ் வேணும்... ஓம், என்ரை அப்பா. ஞானேந்திரன். ஐம்பத்தெட்டு வயசு...

— இஞ்சை பாருங்கோ, என்னைப் பாருங்கோ. ஒண்டுமில்லை. பிள்ளை கதைக்கிறாள். இப்ப வந்திடுவினம்.

— அம்மா, கிட்ட ஒரு அம்புலன்ஸும் இல்லையாம். எல்லாம் நாப்பதில அந்த இடிபட்ட இடத்தில நிக்குதாம். ஒண்டை அனுப்பீனமாம், ஆனால் இந்த ஸ்னோவில எப்ப வந்து சேருமெண்டு சொல்லேலாதாம். அப்பாவைச் சூடா வைச்சிருக்கட்டாம்.

— எப்ப வருமெண்டு தெரியாதோ? பிள்ளை, அவர் கண்ணை மூடுறார்.

— நித்திரை கொள்ள விடாதையுங்கோ!

— ஆஸ்பத்திரி இந்த றோட்டாலதானே? நேர கீழ போய், நாப்பதுக்கு மேலால பாலத்தைக் கடந்தால்?

— அம்மா, வேண்டாம். நீங்கள் தனிய—

— நேரயோ எண்டு கேட்டனான்!

— நேரதான். பாலம் கடந்தாப் பிறகு நீலப் போர்ட் ஒண்டில எச் எண்டு போட்டிருக்கும். அம்மா, பாலத்தில ஐஸ் இருக்கும். பிளீஸ், அவையள் வரும்வரைக்கும்...

— பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. நான் வெளிக்கிடுறன் எண்டு அவையளுக்குச் சொல்லு. நீ அப்பாவோட கதை. நிப்பாட்டாமல் கதை.

— அப்பா, நான் லக்சனா. கேக்குதோ? கண்ணைத் திறந்து வைச்சிருங்கோ.

— ம்...

— அம்மா, அப்பாவுக்குக் கேக்குது! ம் சொல்லுறார்!

— ரயர் சும்மா சுத்துது. கார் அசையிதில்லை. ஓரத்தில நிப்பாட்டினது புதைஞ்சுபோச்சு.

— முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி எடுங்கோ. றைவ், றிவேர்ஸ், றைவ்.

— அதைத்தான் செய்யிறன். இன்னும் ஆழமாப் போகுது. பொறு, இறங்குறன்.

— எங்கை இறங்குறீங்கள்? அம்மா? அம்மா! அப்பா, அம்மா எங்கை போட்டா?

— தாட்...

— ஓம் அப்பா, அம்மா வந்திடுவா. கண்ணை மூடாதையுங்கோ. அம்மா!

— வந்திட்டன், வந்திட்டன். பெற்றோல் அடிச்சுக்கொண்டு நிண்ட ஆக்களைக் கூப்பிட்டனான். தமிழிலதான் கத்தினன் போல. கத்தின கத்தில மூண்டு பேர் ஓடிவந்திட்டினம். பின்னால தள்ளினம்... வருகுது. லக்சனா, வருகுது! மெர்சி! மெர்சி!

— கண்ணாடியை மூடுங்கோ, அப்பாவுக்குக் குளிரும்.

— மூடிட்டன். அங்கால பாலம். வானமும் வெள்ளை, றோட்டும் வெள்ளை. எது எதெண்டு தெரியேல்லை.

— மெல்லமாப் போங்கோ.

— கீழ பாத்தால், நாப்பதில சிவப்பும் நீலமுமா லைற்றுகள். எத்தினை கார். ஐயோ, ஒரு பஸ்ஸும் பிரண்டு...

— கீழ பாக்காதையுங்கோ! றோட்டைப் பாருங்கோ!

— காத்து தள்ளுது. பின்பக்கம் வழுக்குது. வழுக்குது—

— அம்மா!

— ...

— அம்மா, கதையுங்கோ! அம்மா!

— பிடிச்சிட்டன். நேராயிட்டுது. நான் பிறேக்கைத் தொடேல்லை. இஞ்சாருங்கோ, கேட்டதோ? தொடேல்லை நான். கண்ணைத் திறவுங்கோ. ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்? என்னை ஏசுங்கோ. கத்துங்கோவன்! எவ்வளவு வேணுமெண்டாலும் கத்துங்கோ!

— அப்பா, ஒரு ம் சொல்லுங்கோ. ஒண்டே ஒண்டு.

— சொல்லுறாரில்லை. ஆனால் இடது கையால என்ரை ஜக்கெற்றைப் பிடிச்சிருக்கிறார். இறுக்கிப் பிடிச்சிருக்கிறார், பிள்ளை.

— பிடிக்கட்டும். விடாமல் பிடிக்கட்டும். போங்கோ அம்மா.

— எச் போர்ட் வந்திட்டுது. திருப்புறன். அம்புலன்ஸ் வாற வாசல் தெரியுது, அதுக்குள்ளயே விடுறன். ஆரும் ஏசினால் ஏசட்டும்... ஹெல்ப்! இஞ்சை! இஞ்சை வாங்கோ! மை ஹஸ்பண்ட்! ஸ்ட்ரோக்!

— அம்மா, எப்ப தொடங்கினது எண்டு முதல் கேப்பினம்! கோயிலால வெளிக்கிட்ட நேரத்தைச் சொல்லுங்கோ! அம்மா? கேக்குதோ? அம்மா?

*

— அம்மா! இஞ்சையோ இருக்கிறீங்கள்! ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினன். அப்பா எங்கை?

— அந்தக் கதவுக்குப் பின்னால. இரு, இப்ப கூப்பிடுவினம். என்ன பிள்ளை, காற்சட்டை முழங்கால்வரைக்கும் நனைஞ்சு கிடக்கு. எப்பிடி வந்தனீ?

— பஸ் பாதி வழியில நிண்டிட்டுது. மிச்சம் நடை. அப்பாவுக்கு என்னவாம்? முதல் அதைச் சொல்லுங்கோ.

— இருக்கிறார். உயிரோட இருக்கிறார். மூளைக்குப் போற குழாயில இரத்தம் கட்டி அடைச்சதாம். ஸ்கேன் எடுத்த கையோட ஊசி போட்டவை, கட்டியைக் கரைக்கிற ஊசி. பிந்திப் போனால் அந்த ஊசி போடேலாதாம். அந்த டொக்டர் பொம்பிளை என்ரை தோளைத் தட்டிச் சொன்னா.

— கதைக்கிறாரோ?

— முதல் ஒண்டும் இல்லை. மேல பாத்தபடி கிடந்தார். பேந்து நேர்ஸ் என்னைக் காட்டி, இது ஆர் எண்டு கேட்டவா. கன நேரம் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தார். "தாட்சா" எண்டார். முழுசாச் சொன்னார். கைதான் இன்னும் எழும்பேல்லை. மாசக் கணக்கில பயிற்சி செய்ய வேணுமாம்.

— செய்வம். நான் செய்விக்கிறன். அழாதையுங்கோ அம்மா.

— அழேல்லை. முதல் உன்ரை காலைத் துடை.

— உங்களை நினைக்க எனக்கு நம்பேலாமல் கிடக்கு. சிநேகிதி கேக்கிறாள், உன்ரை அம்மா எத்தினை வருசமாக் கார் ஓடுறா எண்டு. போன மாசம்தான் லைசென்ஸ் எடுத்தவா எண்டன். வாயைப் பிளந்திட்டாள்.

— ம்.

— இந்தாங்கோ, கார்த் திறப்பு. வாசலில செக்கியூரிட்டி தந்தவன். நாலு கதவும் திறந்தபடி, என்ஜின் ஓடினபடி நிண்டதாம். நாப்பதில காயப்பட்ட ஆக்களைக் கொண்டுவருகினமாம், காரை எடுத்துப் பார்க்கிங்கில விடட்டாம். எனக்கு ஓடத் தெரியாதே, நீங்கள் போய் விட்டிட்டு வாங்கோ.

— நான் எடுக்கமாட்டன்.

— ஏன்? பார்க்கிங் உதிலதான் அம்மா, வாசலுக்கு முன்னால.

— அவனையே எடுத்து விடச் சொல்லு.

— பயமோ? அந்தப் பாலத்தையே கடந்து வந்திட்டு இதுக்கோ பயப்பிடுறீங்கள்?

— பயமில்லை. லக்சனா, நான் சொல்லுறதை அப்பாவுக்கு இப்ப சொல்லிப்போடாதை. அண்டைக்கு லைசென்ஸ் சோதனை முடிஞ்சு வெளியில வாறன், அப்பா வாசலில நிக்கிறார். பெயில் எண்டு சொல்லத்தான் நான் தலையை ஆட்டினன். அவர் பாஸ் எண்டு விளங்கிக்கொண்டு, அவ்வளவு சனத்துக்கு முன்னால என்னைக் கட்டிப்பிடிச்சுப்போட்டார். கலியாணம் கட்டின நாளிலயிருந்து வெளியில வைச்சு என்ரை கையைக்கூடத் தொடாத மனிசன். அதுக்குப் பிறகு என்னெண்டு பிள்ளை வாய் திறக்கிறது?

— அம்மா... அப்ப லைசென்ஸ்?

— என்னட்டைக் கிடக்கிறது பழகிற பெர்மிட். லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில இல்லாமல் நான் கார் ஓடக்கூடாது. வரேக்கை அப்பா இருந்தவர்.