கோடி ரூபாய்ப் போட்டியில் நுழைந்த அண்ணன்

தோழர்களே, கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லி முடிச்சிடறேன். கேளுங்க.

நம்ம திருப்பூர்லதான். திருமூர்த்தின்னு பனியன் கம்பெனியில ஒரு கட்டிங் மாஸ்டர். மழை பெஞ்சா சாக்கடை உள்ள வர்ற லைன் வீட்டுல குடியிருக்காரு. வேற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்... அதுக்காகப் புருஷனும் பொண்டாட்டியும் ஓவர்டைம் பார்த்துச் சேர்க்கறாங்க.

அவர் போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. ஆன்லைன் போக்கர் சீட்டாட்டப் போட்டி. பரிசு ஒரு கோடி! நுழைய ஐம்பதாயிரம் கட்டணுமாம். "கவலை வேண்டாம், சாதாரண ஆளும் வரலாம்! ஐம்பது ரூபாய் கட்டிச் சின்னப் போட்டி ஆடுங்க. ஜெயிச்சா பெரிய போட்டிக்கு டிக்கெட்!"

ஆடினாரு. தோத்தாரு. திரும்ப ஐம்பது. திரும்பத் தோத்தாரு. எத்தனை ஐம்பதுன்னு அவருக்கே தெரியாது. ஒருநாள்... ஜெயிச்சுட்டாரு!

வீட்டுக்கு ஓடினாரு. "பூங்கோதை! அம்பதாயிரம் ரூவா டிக்கெட்டு!"

"அட சாமி! பணத்தக் குடுங்க, நாளைக்கே அட்வான்ஸ் கட்டிரலாம்."

"பணமாத் தரமாட்டாங்க புள்ள."

"அப்ப வித்துப்போடுங்க."

"விக்க முடியாது. ஆடத்தான் முடியும்."

"ஏனுங்க... நாம சேத்து வெச்ச காசு?"

அதுதான் ஐம்பது ஐம்பதாப் போயிருச்சே!

கூட்டாளிங்க சும்மா இருப்பாங்களா? பேக்கரி முன்னாடி பெரிய பிளக்ஸ் பேனர். கூலிங்கிளாஸ் போட்ட திருமூர்த்தி. 'கோடி ரூபாய்ப் போட்டியில் நுழைந்த எங்கள் அண்ணன்!' செலவு யாருது தெரியுமா? அந்தச் சீட்டாட்டக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறவன் கொடுத்தான். அண்ணன் முகத்துக்குக் கீழ ஒரு க்யூஆர் கோடு. போனைக் காட்டினா ஆட்டம் போன்ல இறங்கிடும்.

ஞாயித்துக்கிழமை போட்டி. எதிர்ல யாரு? இதையே தொழிலா வெச்சு, நாலு ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்து ஆடறவன். நீங்க ஒரு டீ குடிக்கிற நேரம்... அண்ணன் வெளிய!

மறுநாள், துணி வெட்டற கத்தரியை எடுத்துட்டுப் போனாரு, பேனரைக் கிழிக்க. அங்க பார்த்தா... கூட்டம். அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடிச்சிருக்காங்க.

"டேய், நான் தோத்துட்டேன்டா! ஒத்தப் பைசா வரலடா!"

"நீ மட்டும் உள்ள போயிட்டு, எங்களுக்குக் கதவச் சாத்தறியாண்ணா?" சிரிக்கறானுங்க!

தள்ளிக்கிட்டு முன்னாடி போனாரு. புருஷன் படத்துக்கு நேரா போனைப் பிடிச்சு நிக்கறது யாரு?

பூங்கோதை.

"புள்ள... நீயா?"

"நீங்க விட்டத வேற எப்படிங்க எடுக்கறது?"

கத்தரி கையை விட்டு விழுந்துருச்சு.

என்னங்க அக்கிரமம் இது? சாதாரண ஆளும் நுழையலாம்னு அந்தச் சீட்டாட்டக்காரன் ஏன் கூப்பிடறான்? நம்ம மேல பாசமா? அந்தக் கோடியே நாம கட்டற ஐம்பது ரூபாய்தான்யா! நாம நுழையலேன்னா பரிசும் இல்ல, அவனுக்குப் பங்கும் இல்ல. நம்மாளு ஜெயிக்கக்கூட வேண்டாம்... நுழைஞ்சவன் முகமே போதும், அடுத்தவனை இழுக்க!

நேத்து நம்ம கம்பெனி கேட்டுக்கு எதிர்லயும் ஒரு பேனர் முளைச்சிருக்கு. உங்கள்ல ஒருத்தர் படம்தான். பேர் சொல்லமாட்டேன்... தலையைக் குனியாதீங்க தம்பி. கத்தரியை எடுத்துட்டு வாங்க. நாங்க எல்லாரும் கூட வர்றோம். முதல்ல நீங்க வெட்டுங்க.