அழைத்துச் செல்பவர் பெயர்

இல்ல சார், நீங்களே சொல்லுங்க, கால் நீட்ட இடமா இது? முட்டி ரெண்டும் முன் சீட்டுல இடிக்குது. நேரா போனா அஞ்சு மணி நேரம். இவங்க நடுவுல ஒரு ஊர்ல இறக்கி, உக்கார வெச்சு, வேற பிளைட்டுல ஏத்தி, எட்டு மணி நேரம் ஆக்குறாங்க. அவசரத்துக்கு இதான் கிடைச்சுது. நிதானமா தேடியிருந்தா இந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்... இந்த பெல்ட்டு உங்களோடதா? சரி சரி, போட்டுக்குங்க.

பிளைட்டு தேடறதுல நான் லேசுப்பட்ட ஆள் இல்ல சார். என் பொண்ணுக்கு மூணு மாசம் தேடினேன். பதினஞ்சு வயசு. லீவுக்கு அவ பெரியம்மா வீட்டுக்குப் போறா, தனியா. என் வீட்டுக்காரியோட அக்கா வீடு. பொண்ணு முதல் நாளே போன்ல ஒண்ணைக் காட்டினா. விடிகாலைல ஏறினா பத்து மணிக்கு இறங்கிடலாம், நடுவுல எங்கயும் நிக்காது, இதுலயே போறேன்னா. பத்து நிமிஷம்கூட ஆகல அவளுக்கு. பத்து நிமிஷத்துல எடுக்கறது ஒரு முடிவா?

நான் நட்டு போல்ட்டு கம்பெனில இருக்கேன் சார். சரியில்லாததைப் பொறுக்கி வெளிய போடறது என் வேலை. இருபத்திரண்டு வருஷமா அதேதான். அப்படிப்பட்டவன் பெத்த பொண்ணை ஏத்தி அனுப்பறதுக்குப் பாக்க மாட்டேனா? நோட்டு போட்டு எழுதினேன். ஒண்ணு நடுராத்திரி இறங்குது, தள்ளு. ஒண்ணுல பாதி வழியில இறங்கி பஸ்ஸு பிடிச்சு அடுத்த கட்டடத்துக்குப் போகணுமாம், தள்ளு. இன்னொண்ணுல டிக்கெட் விக்கிறவன் ஒருத்தன், பிளைட்டு ஓட்டறவன் வேறொருத்தன். தனியா வர்ற பிள்ளைங்களை அதுல ஏத்தவே மாட்டாங்களாம். ஒண்ணு அன்னைக்குக் கடைசி பிளைட்டு, அது நின்னுபோச்சுன்னா பிள்ளை எங்க படுக்கும்? இன்னும் ஒண்ணு... அதுல குறைன்னு ஒண்ணும் இல்ல. விளம்பரத்துல அந்த பைலட் சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கல. வண்டி ஓட்டறவனுக்கு என்ன சார் அவ்வளவு சிரிப்பு?

கடைசில எதை எடுத்தேன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல, பரவால்ல. பொண்ணு முதல் நாள் காட்டினாளே, அதேதான். வீட்டுக்காரி அந்த நோட்டை மூடி வெச்சா சார். எழுந்து உள்ள போயிட்டா. திட்டினாக்கூட தாங்கிக்கலாம்.

சரி, டிக்கெட்டு ஆச்சு. தனியா போற பிள்ளைங்களை பிளைட்டு கம்பெனி ஆளே கூட்டிட்டுப் போய் ஏத்தி, அங்க இறக்கி, கையெழுத்து வாங்கிட்டு ஒப்படைப்பாங்க, அப்படி ஒரு ஏற்பாடு இருக்கு. பன்னெண்டு வயசு தாண்டினா அது கட்டாயம் இல்ல, வேணும்னா எடுத்துக்கலாம். "அப்பா, ப்ளீஸ், வேண்டாம்"னு கெஞ்சினா பொண்ணு. நான் விடுவேனா? இன்னைக்குக் காலைல கழுத்துல ஒரு பையை மாட்டி கூட்டிட்டுப் போனாங்க. அஞ்சு வயசுப் பையன் ஒருத்தனும் அதே பையோட பக்கத்துல நடக்கறான். இவ திரும்பிக்கூடப் பாக்கல சார் என்னை.

இப்ப அந்த ஊர் ஏர்போர்ட்லதான் உக்காந்திருக்கா. பத்து மணிக்கு இறங்கிட்டா. இப்ப மணி மூணு. சின்னப் பிள்ளைங்க விளையாடற ரூமாம், பிளாஸ்டிக் யானை மேல காலை வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா. மூஞ்சியைப் பாருங்க. வெளிய விட மாட்டேங்கறாங்க சார், அநியாயமா இல்ல? பெரியப்பா வாசல்லயே நிக்கறாரு, கார் எடுத்துட்டு வந்து, அஞ்சு மணி நேரமா. அவர்கிட்ட தர மாட்டாங்களாம். நான் எழுதிக் குடுத்த பாரத்துல அவர் பேர் இல்லியாம்.

யார் பேர் இருக்குன்னா... அதைத்தான் சொல்ல வர்றேன். அதுல ஒரு கட்டம் சார். 'அங்கு அழைத்துச் செல்லும் பொறுப்பான நபர்.' பொறுப்பான நபராம். அந்தப் பெரியப்பா என் சகலை. நாலு வருஷம் முந்தி ஒரு கல்யாணத்துல, பத்துப் பேர் நடுவுல, "இவர் காரை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள தாலி கட்டி முடிச்சிடுவாங்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்ணும் சிரிச்சா. அன்னைக்கோட அவர்கிட்ட பேச்சை நிறுத்தினேன். அந்த ஆளைப் பொறுப்பானவருன்னு என் கைப்பட எழுதணுமா? கை வரல சார். பெரியம்மா பேரைப் போடலாம்னா அவங்களுக்கு அன்னைக்கு ஆபீஸ். அதான் என் பேரைப் போட்டுட்டேன். உறவு, அப்பா. கவுண்டர்ல பாரத்தை வாங்கின பொண்ணும் என் அடையாள அட்டையைப் பாத்தா, பேர் சரியா இருக்குன்னு முத்திரை குத்திட்டா.

பிளைட்டு ஆபீஸ்லேர்ந்து மரியாதையாத்தான் பேசினாங்க. ஒரு வரி மெயில் போதுமாம். இன்னாரிடம் ஒப்படைக்கலாம்னு எழுதி அவர் பேரைப் போட்டா அடுத்த நிமிஷம் விட்டுடுவாங்களாம். ஒரு வரிதான். மூணு தடவை அடிச்சேன் சார். அந்தப் பேர் வர்ற இடத்துல விரல் நின்னுடுது. போன வருஷம் எடுத்த விசா இருந்துது. நானே போய்க் கூட்டிக்கலாம்னு நேரா வந்து டிக்கெட் எடுத்து ஏறிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு வந்துடுவேன்னு பொண்ணுக்கு மட்டும் மெசேஜ் போட்டிருக்கேன்.

அப்படிப் பாக்காதீங்க. எனக்கே தெரியுது. பிள்ளை அங்க தனியா உக்காந்திருக்கா, நான் இங்க ரோஷம் பாத்துக்கிட்டு இருக்கேன்.

இருங்க, வீட்டுக்காரி மெசேஜ். 'உங்க மெயில்லேர்ந்து நானே அனுப்பிட்டேன். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? பொண்ணு கார்ல ஏறிட்டா. நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க?'

அம்மா... இந்தாம்மா, தங்கச்சி, நான் இறங்கணும்... கதவைச் சாத்தியாச்சா? நகருதா?

சார், அந்த ஊர்ல எனக்கு வேற யாரையும் தெரியாது. இன்னொரு மெசேஜ் வந்திருக்கு, பொண்ணுதான். கொஞ்சம் படிங்களேன், எனக்குக் கண்ணாடி பைல இருக்கு... வேண்டாம், தெரியுது.

'அப்பா, ராத்திரி பதினோரு மணிக்குப் பெரியப்பா உங்களைக் கூப்பிட வர்றாரு. அவர் வர்ற வரைக்கும் எங்கயும் போயிடாதீங்க.'