கல் வரிசை

கரண்ட் காருக்கு சார்ஜ் போடும் இடத்தில் நல்ல நிழல் இருந்தால் பாதிச் சண்டை வராது சார். எங்கள் இடத்தில் ஒரு புங்கமரம் இருக்கிறது. வேங்கிக்காலில், வேலூர் ரோட்டு மேலேயே. ஒரே மெஷின்தான். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முருகவேல் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கல்லுக்காரர் என்றால் கார் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

அந்தப் பேர் சும்மா வரவில்லை. முதலில் வந்தது யார் என்று தினமும் அங்கே அடிதடி. டீ குடிக்கப் போனவர் திரும்பி வருவதற்குள் இன்னொருத்தர் ஒயரை மாட்டியிருப்பார். நான் ரோட்டோரத்தில் தட்டையான கற்களாகப் பொறுக்கி வந்து, வருகிறவர் கையில் ஆளுக்கொன்று கொடுத்தேன். அதில் மார்க்கரால் போன் நம்பரை எழுதி, மெஷின் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். முறை வந்ததும் நான் கூப்பிடுவேன். எண்பது பர்சன்ட் ஏறியதும் கழற்றிவிட வேண்டும். வக்கீலோ, டாக்டரோ, பெரிய வண்டியோ, சின்ன வண்டியோ, எல்லாருக்கும் ஒரு கல். அதற்கப்புறம் சண்டை இல்லை.

நான் கல் குவாரியில் வளர்ந்தவன். தண்ணீர் லாரி வருகிற நாளில் எங்கள் அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஜல்லி உடைக்கப் போவாள். வந்து பார்த்தால் குடம் பின்னால் உருண்டு கிடக்கும். மேஸ்திரி வீட்டில் விசேஷம் என்பார்கள், கணக்குப்பிள்ளை பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள். எங்களுக்கு அடிமண்டிதான் மிஞ்சும். முன்னால் போகிறவர் யாரும் காரணம் இல்லாமல் போவதில்லை சார். அந்தக் காரணம் பொய் என்றும் நான் சொல்லவில்லை.

பௌர்ணமி அன்று காலையில் டாக்சி ஓட்டும் பிரகாஷ் வந்தார். "போளூர் மெஷின் அவுட்டுண்ணே, நேத்துலருந்து செத்துக் கெடக்குது. இன்னிக்கு மொத்த கும்பலும் உன் தலைமேலதான்" என்று சிரித்தார். சார்ஜ் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னபடியே மதியத்துக்குள் புங்கமரத்தடி நிறைந்துவிட்டது.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்தது. ஓட்டி வந்த பெண் த்ரிசலா, பின் சீட்டில் இருந்தது அவள் அம்மா தர்மதேவி. பேரெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்த அம்மா வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அம்மாவ ஒடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ் கிரிவலக் கூட்டத்துல சிக்கிக்கிச்சாம். வேலூர் போற அளவுக்கு சார்ஜ் இல்லண்ணா. கொஞ்சம் முன்னாடி விடுங்கண்ணா, ப்ளீஸ்."

"கல்ல வைங்கம்மா" என்றேன்.

நம்பரை எழுதினாள். கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு, நின்றவர்களிடம் போய் அதையே சொல்லி அழுதாள்.

அடுத்த முறை அருண்பிரசாத் என்பவருடையது. சென்னையிலிருந்து ஆசிரமத்துக்கு வந்தவர். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே நீங்க? உசுரு போவுது, கல்லாவது மண்ணாவது" என்று தன் கல்லை எடுத்துச் சாக்கடையில் வீசினார். மற்றவர்களும் சரி என்றார்கள். கார் உள்ளே வர இடம் வேண்டும் என்று ஒருத்தர் மீதிக் கற்களைக் காலால் ஒதுக்கினார். "கல்லு சாமி, கொஞ்சம் வழி உடு சாமி" என்றார் என்னைப் பார்த்து. இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் இல்லை சார். சாக்கடைக்குள் கையை விட்டு அந்தக் கல்லை எடுத்தேன். வேட்டியில் துடைத்தேன். இருந்த மாதிரியே எல்லாவற்றையும் அடுக்கினேன். அந்தப் பெண்ணின் கல்லை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் காருக்கு சார்ஜ் ஏற ஆரம்பித்தது. நான் ஷெட்டுக்குள் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

வெளியே வந்து, "கரண்ட் பூடுச்சும்மா. எப்ப வரும்னு சொல்ல முடியாது. போளூர்ல ஒரு மெஷின் இருக்குது, அங்க கூட்டமே இருக்காது. இருக்கிற சார்ஜுல போயிடலாம்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டியைத் திருப்பச் சிரமப்பட்டாள் என்று நானே பின்னால் நின்று கை காட்டி, ரோட்டில் வருகிற பஸ்ஸை நிறுத்தி அனுப்பிவைத்தேன்.

கார் கண்ணுக்கு மறைந்ததும் சுவிட்சைப் போட்டேன். அருண்பிரசாத் பதறினார். "அண்ணே, கரண்ட் வந்துடுச்சு! அந்தப் பொண்ணக் கூப்புடுங்க. கல்லுல நம்பர் எழுதினாங்களே?"

"நீங்க காலால தள்ளனதுல எங்க போச்சுன்னு தெரியல சார்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் குனிந்து தேடினார். அப்புறம் ஒயரை எடுத்துத் தன் காரில் மாட்டிக்கொண்டார். பொழுது சாயும்வரை வரிசை ஒரு தடவைகூடக் கலையவில்லை.

போளூர் மெஷின் வேலை செய்யாமல், எப்படியாவது கண்ணமங்கலம் வரைக்கும் போய்விடலாம் என்று அவள் ஓட்டியதும், நடுரோட்டில் கார் நின்றதும், அந்த அம்மா மகள் மடியிலேயே போய்ச் சேர்ந்ததும் நீங்கள் சொல்லிக் கேட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. போளூர் மெஷின் ஓடாது என்று முன்னமே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். சுவிட்சை இறக்கியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். உங்கள் மேசைமேல் இருக்கிற கல் என் பையில் இருந்ததுதான். நம்பர் அழியாமல் இருக்கிறது, பாருங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்தப் பெண் யார் யாரிடமோ போய் அழுதாள். அந்த இடத்துக்குப் பொறுப்பானவன் நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். கல்லை வைத்த பிறகு என்னிடம் இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் நானே முன்னால் விட்டிருப்பேன்.