உப்பைக் கரைத்து அணைத்த தீ

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் சத்யப்ரியா அம்மையார் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கடலை நம்பி வாழும் குப்பத்துச் சகோதரர்களே, உப்புப் பாத்தியில் இறங்கி வெயிலை முதுகில் வாங்கும் என் தாய்மார்களே, சிவப்பு வண்டியைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்து நிற்கும் செல்லங்களே! உங்கள் வார்டு உறுப்பினன் கலையரசனின் அன்பு வணக்கம்.

மரக்காணத்துக்கென்று சொந்தமாக ஒரு தீயணைப்புப் படை இன்று பிறக்கிறது. எங்கே கருவானது இது? கோப்பிலா? கோட்டையிலா? இல்லை. நம் உப்பளத்து ஓரத்தில், ஒரு சித்திரை வெயிலில்!

போன வருஷம், நடுப்பகல். உப்பளத்தை ஒட்டிய கீற்று வீடுகளில் ஒன்று பற்றிக்கொண்டது. கடற்காற்று சும்மா இருக்குமா? நெருப்பு இருபுறமும் தாவியது. ஒருபுறத்து வீட்டில், பிரசவித்த உடம்போடும் பச்சைக் குழந்தையோடும் படுத்திருந்தாள் சகாயமேரி. பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போன் போட்டோம். வண்டி வேறொரு தீயை அணைக்கப் போயிருந்தது. தண்ணி லாரி என்னாச்சு என்று பின்னால் ஒரு அண்ணன் கேட்கிறார். லாரி அன்று டயரைக் கழற்றிவைத்து ஒர்க்‌ஷாப்பில் நின்றதண்ணே.

பலராமன் ஐயாவின் உப்பளத்தில் மோட்டார் ஓட்டிய அம்சவல்லி, நாலு பெண்களோடு அந்த டீசல் மோட்டாரைத் தெருவோரம் இழுத்து வந்தார். ஆனால் உப்பளத்து வாய்க்கால் தண்ணீர் அதுவரை வர வேண்டுமே! வாரி எடுக்கும் பக்குவத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு விளைந்து கிடந்த பாத்திகளின் வரப்பை வெட்டினால்தான் வரும். வெட்டினால் அத்தனை உப்பும் கரைந்துவிடும். அம்சவல்லி மண்வெட்டியை எடுத்தார். வெட்டினார்.

தண்ணீர் வந்தது. குழாயை எந்தப் பக்கம் திருப்புவது? ஒரு பக்கம் சகாயமேரியின் வீடு. மறுபக்கம் அம்சவல்லியின் வீடு. அவர் சகாயமேரியின் கூரைக்கே திருப்பினார். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நாங்கள் உள்ளே போய்த் தாயையும் பிள்ளையையும் தூக்கி வந்தோம்.

பிறகுதான் முதலாளிக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, வரப்ப வெட்டிட்டேங்க. உப்பெல்லாம் போயிடுச்சு."

"அந்தப் பொண்ணு வெளிய வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சுங்க. கொழந்தையும் நல்லாருக்குது."

"அப்ப சரி. மோட்டார நிறுத்தாத."

பலராமன் ஐயா, தலை குனியாதீர்கள்! கைதட்டல் உங்களுக்குத்தான்.

வெளியூர் வண்டி வந்தபோது புகை மட்டுமே மிச்சம். அம்சவல்லியின் வீடும் இல்லை. இறங்கிய டிரைவர் வருத்தத்தோடு சொன்னார்: "எவ்ளோ வேகமா வந்தாலும் தூரம் தூரந்தாங்க. உங்க ஊர்லயே ஒரு வண்டி நிக்கணும்."

இத்தனூண்டு ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று மன்றத்தில் சிலர் கேட்டோம். தலைவர் வாதாடவில்லை. எங்களை அந்தத் தெருவுக்கு அழைத்துப் போனார். கரிந்த கம்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து அம்சவல்லி புதுக் கீற்று முடைந்துகொண்டிருந்தார். திரும்பி வந்தோம். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

நிலையம் எழுந்த மண், பலராமன் ஐயா தந்த மண். பயிற்சி முடித்து, காக்கி உடுப்பணிந்து, இந்த வண்டியின் பம்ப்பை இயக்க நிற்பவர் யார்? அம்சவல்லி!

உயிர் தப்பிய தெருவின் சார்பில், உழைத்த அனைவருக்கும் நன்றி கூறி, உங்களை வணங்கி அமர்கிறேன். தாய்மார்களே, பிள்ளைகளைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

அம்சவல்லி, தண்ணீரைத் திறம்மா!